ஹோலோ கார்டைச் சாய்த்துப் படம் எடுங்கள்: கிரேடிங் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

சேகரிப்புக் கார்டுகளின் நிலையைச் சோதித்து கிரேடு போட்டுத் தரும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். 1999 ஜனவரியில் ஆங்கிலத்தில் வந்த போக்கிமான் விளையாட்டுக் கார்டுகளின் முதல் தொகுப்பில் 102 கார்டுகள். அவற்றில் 16 தான் ஹோலோ, அதாவது படப்பகுதியில் மின்னும் ஃபாயில் பதித்தவை. அந்தப் பதினாறில் ஒன்றை உங்களைப் போன்ற ஒரு நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தேன். கெட்டி பிளாஸ்டிக் உறைக்குள் மூடி ஒட்டித் திரும்பி வந்தது. தலைமாட்டில் பத்துக்கு 6 என்ற எண். ஏன் 6 என்பதற்கு ஒரு வரிகூட இல்லை.

முனைகள் மழுங்கவில்லை, ஓரங்களில் வெள்ளை தட்டவில்லை. விளக்கடியில் சாய்த்தால் மட்டும் படத்தின் குறுக்கே மெல்லிய கோடு ஒன்று தெரியும். அனுப்பும்போதே அதை நான் அறிவேன். அச்சகத்தில் விழுந்த கோடு என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தேன். நீங்கள் அதைக் கீறல் என்று எடுத்துக்கொண்டீர்களா, அல்லது எண் குறைந்ததற்குக் காரணம் வேறா?

இந்த வேறுபாடு ஹோலோ சேர்ப்பவர்களுக்குச் சின்ன விஷயமே அல்ல. அச்சுக்கோடு பெரும்பாலும் நேராக, ஒரே திசையில் ஓடும். கார்டு பிறந்தபோதே உடன் வந்தது. கீறல் வளையும், பாதியில் நிற்கும், பக்கத்தில் கூட்டாளிகளையும் வைத்திருக்கும். ஸ்லீவ் என்னும் மெல்லிய உறை போடாமல் கையிலும் பையிலும் கிடந்த நாட்களைச் சொல்லும். இரண்டையும் ஒரே எண்ணில் கரைத்துவிட்டால் வாங்குபவருக்கு எதுவும் புரியாது. பெக்கெட் என்ற கிரேடிங் நிறுவனம் போல சென்டரிங் (அச்சு நடுவில் அமைந்திருப்பது), முனை, ஓரம், மேற்பரப்பு என்று நான்குக்கும் தனித்தனி எண் தரும் வழக்கம் உண்டு. நல்லதுதான். ஆனால் அங்கேயும் அச்சிட்ட தாளின் தேய்மானமும் ஃபாயிலின் கீறலும் ‘மேற்பரப்பு’ என்ற ஒரே மூட்டையில்தான் விழுகின்றன.

நான் கேட்பது இதுதான். ஹோலோ கார்டு எதுவானாலும், நேராக வைத்து எடுக்கும் ஸ்கேனோடு, ஒளியைச் சாய்வாகப் பாய்ச்சி இன்னொரு படமும் எடுங்கள். உறையில் உள்ள சான்று எண்ணை உங்கள் இணையதளத்தில் தட்டினால் அதுவும் தெரியட்டும். ஸ்கேனரில் ஹோலோ ஊமையாகிவிடுகிறது. அதன் உயிரும் காயமும் சாய்ந்த ஒளியில்தான் வெளிவரும்.

இதில் உங்களுக்கும் ஒரு பெரிய லாபம் இருக்கிறது. அந்தக் காலக் கார்டுகளில் ஃபாயிலின் நட்சத்திரக் கோலமும் மேலே விழும் படமும் ஒன்றோடொன்று பொருத்தி அச்சிடப்படவில்லை. அதனால் ஒரே கார்டின் இரு பிரதிகளை அருகருகே வைத்தால், நட்சத்திரங்கள் வேறு வேறு இடங்களில் மின்னும். கோலத்தின் இருப்பிடமும் கீறல்களும் சேர்ந்தால் கிட்டத்தட்ட கைரேகைதான். போலி உறைக்குள் வேறு கார்டைச் செருகி, உங்கள் சான்று எண்ணையே அச்சடித்து விற்பவர்களை அந்தப் படம் ஒன்றே காட்டிக்கொடுக்கும். 1989-ல் அப்பர் டெக் நிறுவனம் தன் பேஸ்பால் கார்டுகளின் பின்புறம் சின்ன ஹோலோகிராம் ஒட்டியதே போலியைத் தடுக்கத்தான். அதே வேலையை நம் பழைய கார்டுகளின் ஃபாயிலும் செய்யக் காத்திருக்கிறது.

கார்டு வளைந்திருந்தால் அதையும் ஒரு சொல்லில் குறியுங்கள். தாள் ஈரத்தை உறிஞ்சும், ஃபாயில் உறிஞ்சாது. அதனால் வரும் வளைவு உறைக்குள் அமுங்கிவிட்டால் வெளியே தெரிவதில்லை.

கூடுதல் படத்துக்கும் குறிப்புக்கும் நேரமும் பணமும் ஆகும் என்பது தெரியும். ஹோலோவுக்கு மட்டும் கட்டணத்தைச் சற்று உயர்த்துங்கள், மனமுவந்து தருவேன்.

அந்தக் கார்டை மறுபடி அனுப்பவும் தயார். 6 என்பதை 7 ஆக்குங்கள் என்று கேட்க மாட்டேன். அந்தக் கோடு அச்சில் விழுந்ததா, பிறகு விழுந்ததா என்று ஒரு வரி எழுதித் தாருங்கள்.

இப்படிக்கு,
பழைய ஹோலோ கார்டுகள் சேர்க்கும் ஒருவன்