சனிக்கிழமை கியோட்டோ பயணம்
நண்பர்களே, காலை 7 மணிக்குள் டோக்கியோ நிலையத்தில் ஷிங்கான்சென் (அதிவேக ரயில்) நுழைவாயிலுக்கு வந்துவிடுங்கள். நொசோமி ரயில் யாருக்காகவும் காத்திருக்காது. கியோட்டோவுக்கு ஏறத்தாழ இரண்டேகால் மணி நேரம்.

வலப்பக்க ஜன்னலோர இருக்கைகளைக் குழந்தைகளுக்கு விட்டுக்கொடுங்கள். புறப்பட்டு முக்கால் மணி நேரத்தில், மேகம் மறைக்காவிட்டால், ஃபுஜி மலை தெரியும். நீளம், அகலம், உயரம் மூன்றும் சேர்ந்து 160 செ.மீ.யைத் தாண்டும் பயணப் பெட்டிக்கு முன்பதிவு வேண்டும், இன்றே சொல்லுங்கள்.

ரயிலில் தாராளமாகச் சாப்பிடலாம். கைபேசியில் பேச மட்டும் பெட்டிக்கு வெளியே, கதவருகே போய்விடுங்கள். இருக்கையைச் சாய்க்கும் முன் பின்னால் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். சென்ற முறை என் முன்னிருந்த பெரியவர் திரும்பி, தலை தாழ்த்தி, "சுமிமாசென்" (மன்னிக்கவும்) என்றார். பிறகு மெல்லச் சாய்த்தார். அந்தப் பணிவு எனக்கு மிகவும் பிடித்திருந்தது.