இளஞ்சிவப்பு ஸ்பிட்ஃபயர்: சேகருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இரண்டாம் உலகப்போரில் பறந்த பிரிட்டிஷ் போர் விமானம் ஸ்பிட்ஃபயரின் 1:48 அளவு மாடல் பெட்டியில் இளஞ்சிவப்பு அடிக்கச் சொல்லியிருக்கிறதே, அச்சுப்பிழையா என்று கேட்டிருந்தாய். பிழையே இல்லை. 1944-இல் பிரிட்டிஷ் விமானப்படையின் 16-வது ஸ்குவாட்ரன் (விமானப் பிரிவு), ஸ்பிட்ஃபயரின் உளவு வகையான எஃப்ஆர் 9 விமானங்களை அந்த நிறத்தில்தான் பறக்கவிட்டது.

விமானம் எதன் முன்னால் தெரியப்போகிறது என்பதுதான் நிறத்தை முடிவு செய்யும். 30,000 அடியில் படமெடுத்த, ஆயுதமில்லாத ஸ்பிட்ஃபயர் வகையான பிஆர் 11-க்குச் சாம்பல் கலந்த நீலம் பொருந்தியது. எஃப்ஆர் 9 மேகத்தின் அடியை ஒட்டித் தாழப் பறந்து, பக்கவாட்டில் சாய்த்து வைத்த கேமராவால் படம் பிடித்தது. எதிரி துரத்தினால் மேகத்துக்குள் ஏறிவிடலாம். மேகம் மூடிய நாளில், அதிலும் விடியலிலும் அந்தியிலும், வெளிறிய இளஞ்சிவப்பு மேகத்தோடு கரைந்துவிடும். வானம் மேகமில்லாமல் தெளிந்து கிடந்தால் கதை வேறு. மேலே இருக்கும் எதிரிக்குப் பச்சை வயல் மேல் அது பளிச்சென்று தெரியும்.

அமெரிக்கர்களின் எஃப்-4 லைட்னிங் உளவு விமானத்துக்குப் போட்ட ‘ஹேஸ்’ (மூட்டம்) பெயின்ட் இன்னும் அழகான யோசனை. கறுப்பு அடித்து, அதன்மேல் மிக நுண்ணிய வெள்ளைத் துகள் கொண்ட படலத்தைத் தெளித்தார்கள். இருட்டுச் சுவருக்கு முன்னால் ஊதுபத்திப் புகை நீலமாகத் தெரிகிறதே, அதே காரணம்தான்: மெல்லிய படலம் நீலமாகத் தெரியும், தடித்தால் வெள்ளையாகிவிடும். தடிமனை ஒரே சீராகக் கொண்டுவருவது பெரும்பாடு. அதனால் பிறகு சாதாரண நீல பெயின்டுகளுக்கு மாறினார்கள்.

இனி உன் மாடல். இது ஆயுதம் தாங்கிய உளவு விமானம். பிஆர் 11 போல நினைத்து இறக்கையிலுள்ள பீரங்கிகளை வெட்டிவிடாதே. கறுப்பு ப்ரைமர் (அடிப்பூச்சு) வேண்டாம், வெள்ளையே போடு. பேனல் கோடுகளில் (தகடுகள் சேரும் கோடுகளில்) முன்கூட்டி கறுப்பு தெளிக்கும் பழக்கத்தையும் இந்த முறை விடு. மெல்லிய இளஞ்சிவப்புக்கு அடியில் அது அழுக்கு ஊதாவாகத் தெரியும். 30 சொட்டு வெள்ளையில் 1 சொட்டு சிவப்பு விட்டு ஆரம்பி. வெள்ளையில்தான் சிவப்பை விட வேண்டும். மாற்றிச் செய்தால் டப்பா டப்பாவாக வெள்ளை ஊற்றினாலும் நிறம் இறங்காது. ஒரு பிளாஸ்டிக் துண்டில் அடித்து, காய்ந்த பிறகு பகல் வெளிச்சத்தில் பார். மஞ்சள் பல்பு கண்ணை ஏமாற்றிவிடும்.

படையெடுப்புக் கோடுகள், அதாவது 1944 நார்மண்டி படையெடுப்புக்காக நேச நாட்டு விமானங்களில் அடித்த கறுப்பு-வெள்ளை அடையாளக் கோடுகள், ஒவ்வொன்றும் 18 அங்குல அகலம். உன் அளவில் 9.5 மி.மீ. முதலில் கோடுகளை அடித்து, டேப் ஒட்டி மூடிவிட்டு, பிறகு இளஞ்சிவப்பை இரண்டு மூன்று மெல்லிய பூச்சாகத் தெளி. டேப்பை உரித்ததும் வெள்ளைக் கோட்டின் ஓரத்தைப் பார். பக்கத்தில் அந்த வெள்ளை இருப்பதால்தான் இளஞ்சிவப்பு என்றே தெரிகிறது என்றால், கலவை சரி. தனியாகவே ரோஜாப்பூ மாதிரி தெரிந்தால் சிவப்பு கூடிவிட்டது.

அடிப்பதற்கு முன் அந்தச் சோதனைத் துண்டை எனக்கும் ஒன்று அனுப்பு.

அன்புடன்,
ராமு