தலைக்கவசத்தைக் கவிழ்த்துப் பாருங்கள்: கட்டட ஒப்பந்ததாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டில் கட்டட வேலை எடுத்துச் செய்யும் ஒப்பந்ததாரர்களுக்கும், சைட் இன்ஜினியர்களுக்கும், மேஸ்திரிகளுக்கும் வணக்கம்.

'தலைக்கவசம் இல்லாமல் உள்ளே வரக்கூடாது' என்று சைட் வாசலில் போர்டு மாட்டியிருக்கிறீர்கள். அதன் கீழேயே ஒரு சாக்கில் மஞ்சள் ஹெல்மெட்டுகள் குவிந்து கிடக்கின்றன. காலையில் வருகிறவர் கைக்குக் கிடைத்ததைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போகிறார். மாலையில் அதே சாக்கில் எறிந்துவிட்டு வீட்டுக்குப் போகிறார். முதலில் இந்தப் பழக்கம் போக வேண்டும்.

அந்தச் சாக்கிலிருந்து ஒரு ஹெல்மெட்டை எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள். வெளி ஓடு பாதி வேலையைத்தான் செய்கிறது. மீதியைச் செய்வது உள்ளே தலையைப் பிடித்திருக்கும் பட்டைகள். அடி விழும்போது அவை இழுபட்டு நீண்டு, அதன் வேகத்தைத் தலை முழுவதும் பரப்பிவிடுகின்றன. அப்படி நீள்வதற்காகத்தான் ஓட்டுக்கும் உச்சந்தலைக்கும் நடுவே ஓர் அங்குலத்துக்குக் குறையாமல் இடைவெளி விட்டிருக்கிறார்கள். துண்டை மடித்து வைத்தோ, பீடிக்கட்டும் செல்போனும் செருகியோ அந்த இடத்தை அடைத்தால் அடி நேராக மண்டைக்கும் கழுத்துக்கும் இறங்கும். நிறைய சைட்களில் இந்தப் பட்டைகளில் ஒன்றிரண்டு கொக்கி கழன்றே கிடக்கின்றன. ஓடு பளபளப்பாக இருப்பதால் யாரும் கவனிப்பதில்லை.

ஹெல்மெட்டின் தாங்குசக்தி எவ்வளவு என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இஎன் 397 என்ற ஐரோப்பியத் தரச் சோதனையில் 5 கிலோ எடையை 1 மீட்டர் உயரத்திலிருந்து அதன்மேல் போடுகிறார்கள். தலைக்குக் கடத்தப்படும் விசை 5 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. அந்த அடியின் ஆற்றல் 49 ஜூல். அரைக் கிலோ சுத்தியல் ஒன்று 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்று மாடி மேலிருந்து, நழுவி விழுந்தாலும் அதே 49 ஜூல்தான். 3 கிலோ செங்கல் அங்கிருந்து வந்தால் ஆறு மடங்கு. அதைத் தாங்கச் சொல்லி எந்த ஹெல்மெட்டையும் கேட்க முடியாது. சாரத்தின் ஓரத்தில் கால்தடுப்புப் பலகையும், கீழே வலையும், கைக்கருவிக்குக் கயிறும் இல்லாத இடத்தில் ஹெல்மெட்டை மட்டும் நம்பி ஆளை நிறுத்தாதீர்கள்.

வாங்கும்போது ஐஎஸ்ஐ முத்திரை போதாது. அதன் மேலே ஐஎஸ் 2925 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். தொழிற்சாலை, கட்டடப் பணிக்கான ஹெல்மெட்டின் தரம் அதுதான். ஐஎஸ் 4151 என்றால் அது இருசக்கர வண்டிக்கானது. முத்திரைக்குக் கீழே சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண்ணை, ஐஎஸ்ஐ முத்திரை தரும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 'பிஐஎஸ் கேர்' செயலியில் போட்டால் அது யாருடைய உரிமம், நடப்பில் இருக்கிறதா என்று வந்துவிடும். மொத்தமாக வாங்குகிறவர்கள் பணம் கொடுக்கும் முன் இதைச் செய்துவிட வேண்டும். இன்னொன்று: சைட் ஹெல்மெட்டோடு பைக்கில் வீட்டுக்குப் போகிறவர்களைத் தயவுசெய்து தடுங்கள். தார்ச்சாலையில் பக்கவாட்டில் மோதும் தலையை அது காப்பாற்றாது.

மின்வேலை பார்ப்பவருக்குக் காற்றுத் துளையுள்ள ஹெல்மெட் கொடுக்காதீர்கள். வெல்டிங் போன்ற சூடான வேலைக்குக் கண்ணாடி இழை ஓடு நல்லது. மற்றவர்களுக்கு ஏபிஎஸ் அல்லது எச்டிபிஇ பிளாஸ்டிக் போதும். உள்பட்டை ஓட்டோடு நான்கு இடத்தில் மாட்டுவதைவிட ஆறு இடத்தில் மாட்டுவது அடியை நன்றாகப் பரப்பும். பின்பக்கம் திருகி இறுக்கும் ராட்செட் இருப்பதையே வாங்குங்கள். துளையில் குமிழ் செருகும் வகையை யாரும் தன் தலைக்குச் சரிசெய்துகொள்வதில்லை. சாரத்திலும் கூரை ஓரத்திலும் நிற்பவருக்குத் தாடைப்பட்டை கட்டாயம். இஎன் 397 ஹெல்மெட்டின் தாடைப்பட்டை எங்காவது சிக்கினால் கழுத்தை நெரிக்காதபடி 150 முதல் 250 நியூட்டன் இழுவிசையில் விட்டுவிடும். ஆளே கீழே விழக்கூடிய உயரத்தில் ஹெல்மெட் கழன்று போகாமல் தலையிலேயே இருக்க வேண்டும். அங்கே உயர வேலைக்கென்று வரும், பட்டை அவிழாத வகையை வாங்குங்கள்.

அளவு சரியா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. விளிம்பு புருவத்துக்கு இரண்டு விரல் மேலே, தரைக்கு இணையாக நிற்கட்டும். தாடைப்பட்டை போடாமல் முழங்காலைத் தொடுவதுபோல் குனியச் சொல்லுங்கள். ஹெல்மெட் விழுந்தால் ராட்செட் தளர்வு. விழாமல் நெற்றியில் வலித்தால் இறுக்கம் அதிகம். மதியத்துக்குள் கழற்றி வைத்துவிடுவார்.

பெண் தொழிலாளர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொண்டையின் மேல் ஹெல்மெட் ஏறி நிற்கும், ஆடும். தாழ்த்திப் பின்னிய சடையோடு போட்டால் சரியாக உட்காரும். ராட்செட்டைக் கடைசிவரை திருகியும் தளர்வாக இருந்தால், இன்னும் சிறிய தலைச் சுற்றளவிலிருந்து தொடங்கும் ஹெல்மெட்டைக் கேட்டு வாங்க வேண்டும். இதைவிடப் பெரிய சிக்கல் சும்மாடு. கலவைச் சட்டியைத் தலையில் சுமக்கும் சித்தாள் ஹெல்மெட் போட முடியாது. குவிந்த ஓட்டின்மேல் சட்டி நிற்காது. சுமை தாங்குவதற்காக ஹெல்மெட் செய்யப்படவும் இல்லை. சைட்டில் தலைக்கு மேல் அதிகம் வேலை நடக்கும் பாதையில், வெறுந்தலையோடு நாள் முழுக்க நடப்பவர் அவர்தான். சட்டியை இறக்கிவிட்டு ஹெல்மெட் போடு என்று அவரைத் திட்டுவதில் நியாயமில்லை. மாற வேண்டியது சுமக்கும் முறை. தரையில் தள்ளுவண்டி, மாடிக்குக் கப்பியோ சின்ன லிஃப்டோ வையுங்கள். அதுவரைக்கும் அவர் நடக்கும் பாதைக்கு மேலே பலகை மறைப்பு போடுங்கள்.

இனிப் பராமரிப்பு. விளிம்பின் அடியில் சிறு வட்டம் அச்சாகியிருக்கும். அம்பு காட்டுவது மாதம், நடுவில் இருக்கும் எண் வருடம். அது தயாரித்த தேதி. ஆளிடம் கொடுத்த தேதியை உட்புறம் ஒட்டும் தாளில் எழுதுங்கள். நம் வெயிலில் உள்பட்டையை வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். அதே கம்பெனியின் பட்டையாக இருக்கட்டும். வேறொன்று பொருந்துவதுபோல் தெரிந்தாலும் அடி விழும்போது கொக்கி கழன்றுவிடலாம். ஓட்டுக்குத் தயாரிப்பாளர் சொன்ன காலம்தான் கணக்கு. பெரும்பாலும் 2 முதல் 5 வருடம். நாளெல்லாம் வெயிலில் நிற்பவருக்குக் குறைந்த கணக்கையே எடுங்கள்.

வெயில் பிளாஸ்டிக்கை உள்ளுக்குள் நொறுங்க வைக்கிறது. நிறம் வெளுத்தாலோ, தேய்க்கும்போது விரலில் வெள்ளைப் பொடி ஒட்டினாலோ ஓடு முடிந்தது. பிளாஸ்டிக் ஓட்டின் இரு பக்கத்தையும் கையால் ஓர் அங்குலம் உள்ளே அமுக்கி விடுங்கள். உடனே பழைய வடிவுக்கு வந்தால் நல்லது. மெதுவாக வந்தாலோ கிறீச்சென்று சத்தம் கேட்டாலோ தூக்கிப் போடுங்கள். பட்டை மாட்டும் இடத்தைச் சுற்றி வெள்ளைக் கோடு தெரிந்தால் விரிசல் தொடங்கிவிட்டது. காரின் பின்கண்ணாடி அருகே ஹெல்மெட்டை வைப்பதும் இதே கேடுதான்.

கழுவுவதற்குச் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் போதும். காய்ந்த கலவையைக் கரண்டியால் சுரண்டாமல் ஊறவைத்துத் துடையுங்கள். தின்னர், பெட்ரோல், சென்ட்ரிங் பலகைக்குப் பூசும் எண்ணெய் எதுவும் படக் கூடாது. ஏபிஎஸ், பாலிகார்பனேட் ஓடுகளில் இவை கண்ணுக்குத் தெரியாத விரிசலை உண்டாக்கும். பெயின்ட் அடிப்பது, லைட் மாட்டத் துளை போடுவது வேண்டாம். பெயர் ஒட்டும் ஸ்டிக்கர் சின்னதாக, விளிம்பிலிருந்து ஓர் அங்குலமாவது தள்ளி இருக்கட்டும். பெரிய ஸ்டிக்கர் விரிசலை மறைத்துவிடும்.

ஒரு பெரிய அடி வாங்கிய ஹெல்மெட்டைக் கீறல் இல்லாவிட்டாலும் மறுபடி தலையில் வைக்காதீர்கள்.

ஆளுக்கொரு ஹெல்மெட், அதில் அவர் பெயர். பத்து ஹெல்மெட்டுக்கு இரண்டு உதிரி உள்பட்டை ஸ்டோரில் இருக்கட்டும். இவற்றுக்கான காசைக் கூலியில் பிடிக்காதீர்கள். பாதுகாப்புக்காகக் கொடுக்கும் எதற்கும் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத் தொகுப்பே சொல்கிறது. மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை, வேலை தொடங்கும் முன் எல்லாரும் தங்கள் ஹெல்மெட்டைக் கவிழ்த்து வைக்கட்டும். மேஸ்திரி வரிசையாகப் பார்த்து, கழித்ததை அங்கேயே ரம்பத்தால் இரண்டாக அறுத்துவிடட்டும். முழுதாகக் குப்பையில் போட்டால் மறுநாள் யாரோ ஒருவர் தலையில் அது திரும்பி வரும்.

இப்படிக்கு,
கட்டடத் தளங்களில் பாதுகாப்புப் பணி பார்க்கும் நாங்கள்