பதினோரு விதைப் பொட்டலமும் மூன்று தொட்டியும்

பாப்பா,

நேற்று நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசை மேல் பதினோரு விதைப் பொட்டலம். தக்காளியே மூன்று வகை. போதாததற்குப் பூசணி வேறு. அது கொடி வீசினால் பால்கனியில் நீ எங்கே நிற்பாய்? போனில் சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உனக்கு வேறு அழைப்பு வந்துவிடும். அதனால் எழுதுகிறேன். படித்து முடிக்கும்வரை எந்தப் பொட்டலத்தையும் பிரிக்காதே.

முதல் தடவைக்கு மூன்று தொட்டி போதும். ஒன்றில் கீரை, ஒன்றில் மிளகாய், ஒன்றில் தக்காளி. மிச்சம் எட்டையும் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, ஈரமும் சூடும் இல்லாத இடத்தில் வைத்துவிடு. வெங்காய விதை மாதிரி சில விதைகள்தான் ஒரு வருடத்துக்குள் முளைப்பதில் சுணங்கும். தக்காளி விதை நாலைந்து வருடம்கூடத் தாங்கும். ஆகவே அவசரம் ஒன்றும் இல்லை.

ஏன் மூன்று என்று கேட்பாய். நான் பதினாலு வைத்துத் தோற்றவன். நீ தவழ்ந்துகொண்டிருந்த காலம் அது. பார்த்த விதையையெல்லாம் வாங்கி, கிடைத்த டப்பாவிலெல்லாம் போட்டேன். தினமும் காலையில் எல்லாத் தொட்டிக்கும் ஒரு குவளைத் தண்ணீர், ஓரவஞ்சனை இல்லாமல். பெரிய தொட்டிக்கும் ஒன்று, சின்னதுக்கும் ஒன்று. வெயிலில் இருப்பதற்கும் ஒன்று, நிழலில் இருப்பதற்கும் ஒன்று. மூன்று மாதத்தில் இரண்டுதான் மிஞ்சின. கடைசியில் ஒரு கத்தரித் தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். மேல்மண் பொரபொரவென்று காய்ந்திருந்தது. அடியில் கறுத்துப்போய், சாக்கடை நாற்றம். வேர்கள் பழுப்பாக, இழுத்தால் மேல்தோல் மட்டும் கையோடு உருவிக்கொண்டு வந்தது. இலை வாடுகிறதே என்று நான் கூடுதலாக ஊற்றிய தண்ணீரில்தான் அது மூழ்கிச் செத்திருக்கிறது.

தரையில் வளரும் செடிக்குப் பிழைக்க வழி உண்டு. தண்ணீர் இல்லையென்றால் வேர் ஆழம் போகும், ஒரு பக்கம் சரியில்லையென்றால் மறுபக்கம் திரும்பும். தொட்டியில் நாலு விரற்கடை போவதற்குள் சுவர். தண்ணீரும் சத்தும் காற்றும் நீ கொடுத்தால்தான் உண்டு. அதனால்தான் தினமும் குனிந்து பார்க்க முடிகிற எண்ணிக்கையோடு நிறுத்திக்கொள் என்கிறேன்.

தொட்டி வாங்குவதற்கு முன் வெயிலைப் பார். தக்காளிக்கும் மிளகாய்க்கும் நாளில் ஆறு மணி நேரமாவது நேரடி வெயில் வேண்டும், எட்டு என்றால் இன்னும் நல்லது. கீரைக்கு மூன்று நான்கு மணி நேரம் போதும். நீ அனுப்பிய பால்கனிப் படம் வெளிச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் வெளிச்சம் வேறு, வெயில் வேறு. ஒரு விடுமுறை நாளில் காலை 9 மணிக்கும் நடுப்பகலிலும் பிற்பகல் 3 மணிக்கும் ஒரே இடத்திலிருந்து படம் எடு, நிழல் எங்கே விழுகிறது என்று தெரிந்துவிடும். ஆறு மணி நேரம் தேறவில்லையென்றால் தக்காளி ஆசையை விட்டுவிட்டு மூன்று தொட்டியிலும் கீரையே போடு. வருத்தப்பட ஒன்றுமில்லை, கீரைதான் முதலில் பலன் தரும்.

தொட்டி என்றால் அழகான தொட்டிதான் வேண்டும் என்றில்லை. பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி எடுத்தாலும் சரி, செடி வளர்க்கவே விற்கிற குரோ பேக் என்ற பை ஆனாலும் சரி. அளவில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. தக்காளிக்கு 20 லிட்டர், மிளகாய்க்கு 10 அல்லது 12. கீரைக்கு ஆழம் ஒரு சாண் இருந்தால் போதும், அகலம்தான் முக்கியம். சின்னத் தொட்டி சீக்கிரம் காயும், சீக்கிரம் சூடாகும். கறுப்பு நிறம் என்றால் வெயிலில் தொட்டியின் ஓரத்து வேர் வெந்தே போகும். ஒன்றை மறக்காதே. 20 லிட்டர் தொட்டி நனைந்தபின் ஏறக்குறைய 20 கிலோ கனக்கும். வைக்கும் இடத்தை முதலிலேயே முடிவு செய். கைப்பிடிச் சுவர் மேல் எதையும் ஏற்றாதே.

அடியில் ஓட்டை கட்டாயம், ஒன்றல்ல, நாலைந்து. ஓட்டைக்கு மேல் ஜல்லி பரப்பினால் தண்ணீர் நன்றாக வடியும் என்று உனக்கும் யாராவது சொல்லுவார்கள். என் பதினாலு தொட்டியிலும் ஜல்லி இருந்தது! அது எப்படிக் கெடுக்கிறது என்பதைப் பாத்திரம் துலக்கும் பஞ்சை வைத்தே பார்த்துவிடலாம். பஞ்சைத் தண்ணீரில் முக்கி, கிடைமட்டமாகப் பிடித்துக்கொள். சொட்டி முடித்து நின்றுவிடும். பிழியாமல் அதையே நெட்டுக்குத்தாக நிமிர்த்து, மறுபடியும் சொட்டும். உள்ளே அவ்வளவு தண்ணீர் இருந்தும் முதலில் இறங்கவில்லை. மண்ணும் அப்படித்தான். அதன் அடிப்பாகத்தில் எப்போதும் ஒரு ஈர அடுக்கு தங்கிக்கொள்ளும். ஜல்லியின் பெரிய இடைவெளிக்குள் தண்ணீர் லேசில் இறங்காது. அதனால் தொட்டியின் அடியில் இருக்க வேண்டிய அந்த அடுக்கை ஜல்லி மேலே தூக்கி, வேருக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைக்கிறது. வேருக்கு இடமும் குறைகிறது. ஓட்டை வழியாக மண் ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலை போதும். அதோடு, ஒரே கொள்ளளவில் அகலத் தொட்டியும் உயரத் தொட்டியும் இருந்தால் தக்காளிக்கு உயரமானதை எடு. காரணத்தைப் பஞ்சே சொல்லிவிட்டது.

வெறும் தோட்டத்து மண்ணை நிரப்பாதே, நாலு தடவை தண்ணீர் ஊற்றினால் செங்கல்லாக இறுகிவிடும். கோகோபீட் என்கிற தென்னை நார்த்தூள் பாதி, மண்புழு உரம் கால், மண் கால் என்று கலந்துகொள். கோகோபீட்டில் உப்பு நீக்கியது என்று போட்டிருக்கிறதா பார், இல்லையென்றால் இரண்டு தடவை தண்ணீரில் அலசிப் பிழிந்துவிடு. 5 கிலோ கட்டியை மட்டும் வாங்கிவிடாதே. பார்க்கச் சின்னதாக இருக்கும். ஊறினால் அறுபது எழுபது லிட்டருக்கு உப்பிக்கொண்டு வரும். உனக்கு வேண்டியது அதில் பாதிகூட இருக்காது. (நாங்கள் ஒரு முறை குளியலறையில் ஊறவைத்துவிட்டு இரண்டு நாள் பக்கத்து வீட்டில் குளித்தோம். அம்மா அதை இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்.)

இப்போது தண்ணீர். இந்தக் கடிதமே இதற்காகத்தான்.

கடிகாரத்தைப் பார்த்து ஊற்றாதே, மண்ணைப் பார்த்து ஊற்று. ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரைக்கும் மண்ணுக்குள் விடு. விரல் நுனியில் குளிர்ச்சி தெரிந்து, மண் துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் இன்றைக்கு வேண்டாம். காய்ந்து உதிர்ந்தால் ஊற்று. மேல்மண்ணின் நிறத்தை நம்பாதே, நான் அதை நம்பித்தான் கெட்டேன். சின்னத் தொட்டியென்றால் இன்னும் சுலபம். ஊற்றியதும் ஒரு தடவை தூக்கிப் பார், காய்ந்தபின் ஒரு தடவை தூக்கிப் பார். ஒரு வாரத்தில் உன் கைக்கே எடை பிடிபட்டுவிடும். தக்காளித் தொட்டியைத் தூக்க முடியாது, விளிம்பைப் பிடித்து லேசாகச் சாய்த்தாலே போதும்.

ஊற்றும்போது அரைகுறையாக நனைக்காதே. பூவாளியால் மெதுவாக, அடி ஓட்டையில் தண்ணீர் வரும்வரை ஊற்று. கீழே தட்டு வைத்திருந்தால் அரை மணி கழித்து அதில் தேங்கியதைக் கொட்டிவிடு. ஒரு சூது உண்டு. நாலு நாள் ஊரில் இல்லாமல் வந்து ஊற்றுகிறாய், உடனே அடியில் கொடகொடவென்று வருகிறது. நனைந்துவிட்டது என்று நினைக்காதே. காய்ந்த கோகோபீட் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகியிருக்கும். தண்ணீர் அந்தச் சந்து வழியாக ஓடிவிடும், நடுவில் வேர் இருக்கும் இடம் காய்ந்தபடியே கிடக்கும். அப்போது தொட்டியை ஒரு வாளித் தண்ணீருக்குள் இறக்கு. குமிழி வருவது நின்றதும் எடு. பெரிய தொட்டியென்றால் கொஞ்சம் கொஞ்சமாக, பத்து நிமிடம் விட்டு விட்டு நாலைந்து தடவை ஊற்று.

நடுப்பகலில் இலை தொங்கினால் பதறாதே. மாலையில் தானே நிமிர்கிறதா பார். காலையிலும் தொங்கினால் விரலை விட்டுப் பார். மண் காய்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தொங்கினால் வேர் மூச்சு முட்டுகிறது, அதற்கு மேலும் ஊற்றினால் என் கத்தரியின் கதிதான். கடும் வெயிலில், காய் பிடித்த தக்காளி ஒரே நாளில் இரண்டு தடவை கேட்கும். அதுவும் விரல் சொல்லும்.

விதைப்பு ஒன்றும் பெரிய வித்தை இல்லை. விதையின் பருமனைப்போல இரண்டு மடங்கு ஆழம், அவ்வளவுதான். தண்டுக்கீரை விதை பொடிப்பொடியாக இருக்கும், காய்ந்த மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை லேசாகத் தூவிவிடு. நாலைந்து நாளில் முளை தெரியும். தக்காளிக்கு ஒரு வாரம் ஆகும். மிளகாய் பத்து நாளும் எடுக்கும், மூன்று வாரமும் எடுக்கும். இடையில் என்ன ஆயிற்று என்று தோண்டிப் பார்க்கிற பழக்கம் உனக்கு ஒன்பது வயதில் இருந்தது, இப்போது விட்டிருப்பாய் என்று நம்புகிறேன்.

முளைத்தபின் ஒரு கசப்பான வேலை இருக்கிறது. நெருக்கமாக வந்ததில் பாதியைப் பிடுங்கிப் போட வேண்டும். மனசு வராது. ஆனால் பிடுங்காவிட்டால் எல்லாமே வெளுத்து, நூல்போல நீண்டு, ஒன்றும் உருப்படாது. கீரையென்றால் பிடுங்கியதையும் சமைத்துவிடலாம். 25, 30 நாளில் மிச்சத்தை அடியில் இரண்டு விரல் விட்டு அறுத்தால் மறுபடி தழைக்கும்.

தக்காளி விதையை முதலில் ஒரு சின்ன டப்பாவில் முளைக்க வை, நாற்று நாலைந்து இலை விட்டதும் பெரிய தொட்டிக்கு மாற்று. பாதித் தண்டு மண்ணுக்குள் போகும்படி ஆழமாக நடு. புதைந்த தண்டிலும் வேர் விடும். ஒரு தொட்டிக்கு ஒன்றுதான், இரண்டாவதை நடக் கை பரபரக்கும், நடாதே. ஊன்றுகோலை அன்றைக்கே நட்டுவிடு, பிறகு குத்தினால் வேரைக் கிழிக்கும். உன் மூன்று பொட்டலத்தில் குட்டை ரகம் என்று போட்டிருப்பது எதுவோ அதை எடு. பூத்ததும் காலையில் பூங்கொத்தை விரலால் மெல்லச் சுண்டிவிட்டால் மகரந்தம் உதிர்ந்து காய் பிடிக்கும். பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டினால் நீ என்ன சுண்டினாலும் பூ கொட்டும், அது உன் தப்பில்லை.

காயின் அடியில் கறுப்பாக, தோல்போல ஒரு வட்டம் வந்தால் மருந்தைத் தேடி ஓடாதே. நான் இரண்டு வாரம் எதை எதையோ தெளித்தேன். அது நோயே இல்லை, காய்க்குச் சுண்ணாம்புச் சத்து போய்ச் சேராததால் வருவது. அந்தச் சத்து தண்ணீரோடுதான் ஏறும். ஒரு நாள் காயப்போட்டு மறுநாள் குளிப்பாட்டினால் அது தடைபடும். மறுபடியும் தண்ணீர்தான், பார்த்தாயா?

தொட்டியில் ஊற்றுகிற தண்ணீர் வடியும்போது சத்தையும் கொண்டுபோய்விடும். பூ எடுக்கத் தொடங்கியதும் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை உரம் கொடு. அதிகம் கொடுத்தால் இலையாகத் தழைத்துத் தள்ளும், காய் வராது. பூச்சிக்கு, இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார். தண்டில் எறும்பு வரிசையாக ஏறினால் மேலே அசுவினி, அதாவது சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி, இருக்கிறது என்று பொருள். முதலில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடு. போகாவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்துக் குலுக்கி, வெயில் தாழ்ந்தபின் தெளி.

சரி, மூன்று படங்களையும் அனுப்பு. அதைப் பார்த்துவிட்டுத் தக்காளியா கீரையா என்று முடிவு செய்வோம்.

அன்புடன்,
அப்பா

பி.கு.: வாளியில் ஓட்டை போடும்போது கீழே ஒரு மரப்பலகை வைக்கச் சொல்கிறாள் அம்மா. நம் வீட்டுத் தரையில் அந்த நாலு ஓட்டை எப்படி வந்தது என்று நீ கேட்டபோது நான் பதில் சொல்லாமல் விட்டேனே, நினைவிருக்கிறதா?