கரைவெட்டிக்குச் சிறு குழுக்களாகப் போவோம்

ஆசிரியருக்கு, வணக்கம். அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி ஏரிக்கு வலசைப் பறவைகள் வரத் தொடங்கியதையும், விடுமுறை நாட்களில் பார்வையாளர்கள் கூட்டமாக வருவதையும் பற்றிய உங்கள் செய்தியைப் படித்தேன். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024-இல் சேர்ந்த ஏரி. பார்க்க ஆட்கள் வருவது நல்லதுதான். ஆனால் கூட்டமாக வந்து பறவைகளை விரட்டிவிடக் கூடாது. இமயமலையைத் தாண்டி இவ்வளவு தூரம் வரும் வரித்தலை வாத்துக்கு இங்கே வேண்டியது ஓய்வும் மேய்ச்சலும்தான். வெருண்டு எழும் ஒவ்வொரு முறையும் அது தின்றுசேர்த்த தெம்பு வீணாகிறது.

சென்ற ஆண்டு ஐப்பசியில் நாங்கள் குழுவாகப் போனபோது, முன்னால் சென்ற இன்னொரு குழுவில் ஒருவர் படம் எடுக்கக் கரையை விட்டுச் சேற்றில் இறங்கினார். ஓரமாக மேய்ந்துகொண்டிருந்த நீலச்சிறகி வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பி எதிர்க்கரைக்குப் போய்விட்டது. அப்புறம் உள்ளூர் இளைஞர் ஒருவர் எங்களை மரநிழலில் பேசாமல் உட்காரவைத்தார். கொஞ்ச நேரத்தில் ஊசிவால் வாத்துகள் தாமாகவே கிட்டே நீந்தி வந்தன. ஆணின் கழுத்தில் ஏறும் வெள்ளைக் கோடுகூடத் தெளிவாகத் தெரிந்தது.

ஐப்பசி முதல் மாசி வரை குழுவுக்குப் பத்துப் பேர் என வனத்துறை வரம்பு வைக்கலாம். இப்படிப்பட்ட உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து, குழுவுக்கு ஒருவரைக் கட்டாயமாக உடன் அனுப்பலாம். அவருக்கான கூலியைக் குழுவே கொடுக்கட்டும்.

– வாசகர் ஒருவர், அரியலூர்