பைக் மெக்கானிக் அண்ணன்மாருக்கு, ஒரு செயின் லாக் விஷயமாக

மதுரைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மாருக்கு வணக்கம்.

போன மாதம் நத்தம் ரோட்டில் போய்க்கொண்டிருந்தபோது என் வண்டியின் செயின் லாக், அதாவது செயினின் இரண்டு முனையையும் இணைக்கும் இடத்தில் இருக்கும் கிளிப், கழன்று, செயின் மொத்தமும் பாம்பு மாதிரி தார் ரோட்டில் விழுந்து கிடந்தது. நல்லவேளை, பின்சக்கரத்தில் சுற்றிக்கொள்ளவில்லை. செயின் செட் மாட்டி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எந்தப் பட்டறை என்று சொல்லப்போவதில்லை, சண்டைக்கும் வரவில்லை. புதுச் செயின் மாட்டிய சந்தோஷத்தில் அன்று போனில் எடுத்த போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். லாக் திருப்பி மாட்டியிருக்கிறது.

அந்தக் கிளிப்பைப் பாருங்கள், மீன் மாதிரிதான் இருக்கும். மூடிய பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் தலை இருக்க வேண்டும். மேல் வரிசையில் செயின் முன்னோக்கி ஓடும், ஆகவே அங்கே தலை முன்னால். வால் முன்னால் இருந்தால் எதிலாவது தட்டும்போது கிளிப் தானாகவே கழன்றுகொள்ளும். உங்களுக்குத் தெரியாததில்லை, ஆனால் சாயங்காலம் ஆறு வண்டி வரிசையில் நிற்கும்போது கை தானாக மாட்டிவிடுகிறது, இல்லையா?

அப்புறம் நம்பர். பக்கத் தகட்டில் 428, 520 என்று அடித்திருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டுப் புதுச் செயின் எடுங்கள். 4 என்று தொடங்கினால் ஒரு பின்னிலிருந்து (pin) அடுத்த பின் வரை அரை அங்குலம், அதாவது 12.7 மி.மீ.; 5 என்றால் 15.875. மீதி இரண்டு எண் அகலத்துக்கு. 420-ம் 428-ம் கண்ணுக்கு ஒன்று போலத்தான் தெரியும், ஆனால் 420-இல் உள் அகலம் கால் அங்குலம், 428-இல் 5/16 அங்குலம். 428-ஐ 420 பல்சக்கரத்தில் போட்டால் உட்காரும், ஆடிக்கொண்டே ஓடும்.

"செயின் போச்சு தம்பி" என்று சொல்லும் முன் ஒரு ஸ்கேல் வையுங்கள். 428 செயினில் இருபது கண்ணி, அதாவது முதல் பின்னிலிருந்து இருபத்தோராவது பின் வரை, புதிதில் 254 மி.மீ. 259-ஐத் தொட்டால் மாற்றச் சொல்லுங்கள், மறுபேச்சு இல்லாமல் காசு தருகிறேன்.

செயின் டைட் வைக்கும்போது சக்கரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, செயின் எங்கே அதிகம் இறுகுகிறதோ அங்கே தொய்வை அளந்து வையுங்கள். லூஸான இடத்தில் அளந்து வைத்தால் ஆள் உட்கார்ந்ததும் விறைத்துக்கொண்டு பேரிங்கைத் தின்னும். வேஸ்ட் ஆயில் ஊற்றுவதையும் விட்டுவிடுங்கள், அதில் இரும்புத் தூள்தான் இருக்கிறது. மண்ணெண்ணெயில் துடைத்து 90 கியர் ஆயில் விட்டாலே போதும். ரப்பர் வளையம் வைத்த ஓ-ரிங் செயினில் பெட்ரோல் படக்கூடாது, ரப்பர் கெட்டுவிடும்.

சனிக்கிழமை வண்டியை விட வருகிறேன். லாக் மாட்டும்போது ஒரு குரல் கொடுங்கள், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்கிறேன். டீ என் கணக்கு.