கடன் என்று சொல்லாமல் தந்த வாடகைக் கார் குறித்த புகார்

ஹாரோ, லண்டன்

பெறுநர்: மேலாளர், புகார் பிரிவு

ஐயா / அம்மா,

பத்து வருடமாக உங்கள் அலுவலகம் மூலம்தான் கார் இன்சூரன்ஸ் எடுக்கிறேன். தமிழில் பேசி விஷயத்தை முடிக்கலாம் என்பதுதான் காரணம். ஆகவே புகாரையும் தமிழிலேயே எழுதுகிறேன்.

கடந்த மார்ச்சில் ஒரு சனிக்கிழமை, சிக்னலில் நின்றிருந்த என் யாரிஸ் காரைப் பின்னால் வந்த வேன் இடித்தது. ஓட்டியவர் தன் பிழை என்று அங்கேயே ஒத்துக்கொண்டார். உங்களுக்குப் போன் செய்தேன். "அக்கா, நாளைக்கே வாசலில் கார் நிற்கும், நீங்கள் ஒரு சதமும் கட்டத் தேவையில்லை" என்றார் உங்கள் அலுவலகத் தம்பி. அப்புறம் லைனை வேறொருவருக்கு மாற்றினார். அவர் வேறு கம்பனி ஆள் என்று யாரும் சொல்லவில்லை.

மறுநாள் வந்தது என் காரைவிடப் பெரிய கார். கொண்டுவந்த பையன் மழையில் நின்றபடி டேப்லட்டை நீட்டி, "இங்கே, இங்கே, இங்கே" என்று மூன்று இடத்தைக் காட்டினான். திரை நனைந்திருந்ததால் இரண்டாவது கையெழுத்து பதியவில்லை. சால்வையால் துடைத்துவிட்டு மறுபடி போட்டேன். 14 பக்க ஒப்பந்தம் அவன் போன பிறகுதான் இமெயிலில் வந்தது. நான் படிக்கவில்லை. அது என் பிழை, சரி.

அது 'கடன் வாடகை' ஒப்பந்தமாம்: இப்போது காசு கட்டாமல் காரை எடுத்து, வாடகையைப் பிறகு எதிர்த்தரப்பு இன்சூரன்ஸிடம் வசூலிப்பது. நாளுக்கு 112 பவுண்ட் என்று அதில் இருக்கிறது. கராஜில் பம்பர் வரத் தாமதமாகி 47 நாள் ஓடிவிட்டது. மொத்தம் 5,264 பவுண்ட். எதிர்த்தரப்பு இன்சூரன்ஸ் நாளுக்கு 40 பவுண்டுக்கு மேல் தர முடியாது என்கிறது. மீதி 3,384 பவுண்டுக்கு ஒப்பந்தப்படி நான்தான் பொறுப்பு.

இப்போது அந்தக் கம்பனியின் வழக்கறிஞர் எதிர்த்தரப்பு மீது என் பெயரில் வழக்குப் போடப் போகிறார். மூன்று மாத வங்கிக் கணக்கு விவரம் கேட்கிறார், கோர்ட்டுக்கு வந்து சாட்சி சொல்லவும் வேண்டுமாம். 2003இல் லாக்டன் எதிர் ஓ'கானர் வழக்கில் அப்போது நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தந்த தீர்ப்புதான் காரணம் என்கிறார். சொந்தக் காசில் வாடகைக் கார் எடுக்க வழியில்லாதவருக்கே கடன் வாடகையின் கூடுதல் தொகை கிடைக்கும், மற்றவர்களுக்குச் சாதாரண வாடகைதான். எனக்கு வசதியில்லை என்ற உறுதிமொழிக்குத்தான் அந்த மூன்றாவது கையெழுத்து. ஆனால் மகளின் படிப்புக்காகச் சேர்த்த காசு என் கணக்கில் இருக்கிறது. கோர்ட்டில் நின்று பொய் சொல்லச் சொல்கிறீர்களா?

இதைவிட எரிச்சல் தருவது ஒன்று உண்டு. உங்களிடம் எடுத்த பாலிசியின் 9ஆம் பக்கத்தில், அங்கீகரித்த கராஜில் திருத்தும்போது ஒரு சிறிய கார் இலவசமாகக் கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. கடைக்கும் வேலைக்கும் போய்வர எனக்கு அது போதும். அதைச் சொல்ல உங்களுக்கு ஒரு நிமிடம் ஆகியிருக்குமா?

அன்றைய தொலைபேசி உரையாடலின் பதிவை ஒரு மாதத்துக்குள் அனுப்புங்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி அது என் உரிமை. என்னை அந்தக் கம்பனியிடம் அனுப்பியதற்கு உங்களுக்குக் கமிஷன் கிடைத்ததா, எவ்வளவு என்றும் எழுதுங்கள். என் தலையில் விழும் தொகையை நீங்கள் ஏற்க வேண்டும். 8 வாரத்துக்குள் இறுதிப் பதில் வராவிட்டால் இன்சூரன்ஸ் போன்ற நிதிப் புகார்களை விசாரிக்கும் பைனான்சியல் ஒம்புட்ஸ்மனிடம் போவேன்.

தயவுசெய்து போனில் பதில் வேண்டாம். எழுத்தில் மட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ஒப்பந்தம், பாலிசியின் 9ஆம் பக்கம், வழக்கறிஞர் கடிதம்